சின்ன வயசு நினைவுல செலவுப் பக்கம் இருக்காது

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில, பழவேற்காட்டுலேருந்து சின்ன மாமா ஃபோன் பண்ணாரு. ஈசிஆர்ல இருக்கிற ஒரு ரெஸ்டாரண்ட்காரங்க தாத்தாவோட படகை வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. வாசல்ல அலங்காரத்துக்கு வைக்கணுமாம். 84,000 ரூபாய் தர்றேன்னு சொல்றாங்க. "நீ கணக்குப் படிச்சவன். நீயே சொல்லுடா. வித்துடலாமா, இல்ல ரிப்பேர் பாத்து நம்மளே வச்சுக்கலாமா?"

நான் உடனே, "மாமா, விக்காதீங்க, ரெண்டு நாள் டைம் குடுங்க"ன்னு சொல்லிட்டேன். யோசிக்காம வந்த பதில் அது. நம்ம சேனல்ல வாரா வாரம் உட்கார்ந்து "உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்காதீங்க"ன்னு உங்களுக்குச் சொல்ற அதே ஆள்தான் நான்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு புரியணும்னா அந்தப் படகைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். பொறுத்துக்கோங்க, கணக்குக்கு வந்துடுறேன்.

நான் வளர்ந்தது ராயப்பேட்டையில, மணிக்கூண்டுக்குப் பக்கத்துல ஒரு ஒண்டுக் குடித்தனத்துல. ஆறு குடும்பம், ரெண்டு பாத்ரூம். மே மாசம் பொறந்தா அம்மா எங்களைக் கூட்டிக்கிட்டு சென்ட்ரல்ல பொன்னேரிக்கு ரயில் ஏறுவாங்க. பொன்னேரியிலேருந்து பஸ். சென்னையிலேருந்து மொத்தமே அறுபது கிலோமீட்டர்கூட வராது. ஆனா பஸ்ஸை விட்டு இறங்குனா வேற உலகம். ஒரு பக்கம் டச்சுக்காரங்க கல்லறை, இன்னொரு பக்கம் இறால் வாடை, எதிர்ல கண்ணுக்கு எட்டுற வரைக்கும் ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி பழவேற்காடுதான். பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, நம்ம பக்கம் தெற்கு முனை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுலதான் ஸ்ரீஹரிகோட்டா.

தாத்தாகிட்ட ரெண்டு மரப்படகு இருந்தது. சின்னது கோல் ஊன்றிப் போறது. பெருசுல டீசல் இன்ஜின், வயலுக்குத் தண்ணி இறைக்கிற மாதிரி ஒண்ணு, நடுவுல பொருத்தியிருப்பாரு. தீவுல இருக்கிற ஊர்களுக்கும் லைட்ஹவுஸ் பக்கத்துக்கும் ஆளுங்களையும் அரிசி மூட்டையையும் ஏத்திக்கிட்டுப் போறதுதான் தொழில். சாயங்காலம் சவாரி இல்லைன்னா பேரப்பசங்க ஏழு பேரையும் ஏத்திக்கிட்டு பூநாரை காட்டக் கூட்டிட்டுப் போவாரு. அந்த இன்ஜின் சத்தம், டீசல் புகை, வெயில்ல காய்ஞ்ச மரத்து மேல பூசியிருக்கிற முந்திரிக்கொட்டை எண்ணெய் வாசனை... இப்பவும் ஏதாவது பழைய மரக்கடையைத் தாண்டுனா எனக்கு மூக்கு நின்னுடும்.

தாத்தா ஒண்ணு சொல்லுவாரு. அவரோட அப்பா காலத்துல இந்த ஏரியிலேருந்தே படகுல மெட்ராஸ் வரைக்கும் விறகு கொண்டு போவாங்களாம், பக்கிங்ஹாம் கால்வாய் வழியா. ராதாகிருஷ்ணன் சாலையில சிட்டி சென்டர் பக்கத்துப் பாலத்துக்கு அடியில கறுப்பா ஒண்ணு ஓடுதே, மூக்கைப் பொத்திக்கிட்டு நாம தாண்டுறோமே, அதேதான். என் ஆபீஸ்லேருந்து நடக்குற தூரம். அந்தத் தண்ணியோட இன்னொரு முனையில எங்க தாத்தா படகு நிக்குதுன்னு நினைச்சாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

சரி, கணக்கு.

தாத்தா 2009-ல போயிட்டாரு. அதுக்கு முன்னாடியே லைட்ஹவுஸ் பக்கம் போறதுக்குப் பாலம் வந்து சவாரி குறைஞ்சு போச்சு. சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகுங்க. சின்னப் படகு விறகாச்சு. பெரிய படகோட இன்ஜினை பெரிய மாமா அப்பவே வித்துட்டாரு. மரம் மட்டும் ஓலைக் கொட்டகையில பதினஞ்சு வருஷத்துக்கு மேல நிக்குது. மரப்படகுக்கு இது ரொம்பக் கெட்ட விஷயம். தண்ணியில கிடந்தா மரத்தைத் துளைக்கிற புழு, தரையில கிடந்தா காய்ஞ்சு பலகை சுருங்கி இடுக்கு விட்டுடும். புதுசா தண்ணியில இறக்கும்போது பலகை ஊறி உப்பி இடுக்கு மூடுற வரைக்கும் ஒழுகத்தான் செய்யும். அதனாலதான் வருஷா வருஷம் மேல ஏத்தி, இடுக்குல பஞ்சுத் திரி திணிச்சு, குங்கிலியம் பூசி, எண்ணெய் அடிச்சு திரும்ப இறக்குவாங்க.

மாமா ஆசாரிகிட்ட கேட்டு ஒரு மதிப்பீடு வாங்கிக் குடுத்தாரு. பாதிப் பலகை மாத்தணும், செகண்ட் ஹேண்ட் இன்ஜின் ஒண்ணு, எல்லாம் சேர்த்து 2,40,000. அதுக்கு அப்புறம் வருஷத்துக்குப் பராமரிப்பு 40,000. என்கிட்ட அவ்வளவு பணம் சும்மா கிடக்கல. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடக்கூடாது, எஸ்ஐபியை நிறுத்தக்கூடாது. அப்போ என்ன வழி? நீங்க என்ன யோசிப்பீங்களோ அதையேதான் நானும் யோசிச்சேன். பர்சனல் லோன்.

14 சதவீதம், மூணு வருஷம்னு போட்டா இஎம்ஐ ஏறக்குறைய 8,200. மூணு வருஷத்துல வட்டி மட்டும் 55,000-க்கு மேல. வருஷத்துக்கு இஎம்ஐ 98,400, பராமரிப்பு 40,000, ஆகமொத்தம் 1,38,400. நான் உண்மையில எத்தனை நாள் போவேன்? பசங்களுக்கு ஸ்கூல், ஜூலை முதல் அக்டோபர் வரைக்கும் எனக்கு ஆடிட் சீசன். மனசாட்சியோட சொன்னா வருஷத்துக்கு நாலு நாள். ஒரு நாளைக்கு 34,600 ரூபாய். பூநாரை பார்க்குறதுக்கு.

இந்த இடத்துலதான் மனசு தந்திரம் பண்ணும். "இது செலவு இல்லடா, இது அசெட்"னு சொல்லும். பழைய பொருள், அரிய பொருள், விலை ஏறும்னு சொல்லும். எனக்கும் சொல்லுச்சு. அதனால அந்த வாதத்தைக் கொஞ்சம் உடைச்சுப் பார்க்கலாம்.

படகை ஒரு சொத்துன்னு நம்ம சட்டம் பார்த்த காலம் ஒண்ணு இருந்தது. பழைய செல்வ வரிச் சட்டத்துல வரி போடுற சொத்துப் பட்டியல்ல நகை, கார், நகர்ப்புற நிலம் கூடவே சொந்த உபயோகத்துக்கான படகும் இருக்கும். வாடகைக்கு, தொழிலுக்கு ஓடுற படகுக்கு விலக்கு. 30 லட்சத்துக்கு மேல் இருந்தா 1 சதவீதம் வரி. 2015 பட்ஜெட்ல அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க. இப்ப பணக்காரங்க படகு வாங்குனா வேற விதமாப் பிடிக்கிறாங்க. உல்லாசப் படகுக்கு 2025 செப்டம்பர்லேருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல விலைன்னா 2025 ஏப்ரல்லேருந்து விக்கிறவரே 1 சதவீதம் டிசிஎஸ் பிடிச்சாகணும். இதெல்லாம் நம்ம பனை ஓலைக் கொட்டகைக்கு வராது, சும்மா தெரிஞ்சு வச்சுக்கோங்க.

வருமான வரி விதியில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு வரி இருக்கு. தேய்மானப் பட்டியல்ல 'ஸ்பீடு போட்'னா என்னன்னு விளக்கியிருப்பாங்க. அசையாத தண்ணியில மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல போகணுமாம். வேகமாப் போகும்போது முன்பக்கம் தண்ணியை விட்டு மேல எழும்பணுமாம். சிஏ படிக்கும்போது இதைப் படிச்சுட்டு லைப்ரரியில தனியா சிரிச்சேன். தாத்தா படகு கரையில நடந்து போறவங்களோட போட்டி போட்டுத் தோத்துக்கிட்டிருக்கும். ஆனா தேய்மானம்னு வர்றப்போ வேகமாப் போனாலும் மெதுவாப் போனாலும் ஒரே 20 சதவீதம்தான். சட்டத்தோட கண்ணுல படகு ஒவ்வொரு வருஷமும் மதிப்பு குறையுற பொருள். ஆசாரி கண்ணுலயும் அப்படித்தான். அதை அசெட்னு பார்த்தது நான் ஒருத்தன் மட்டும்தான்.

உங்கள்ல நிறைய பேருக்குப் படகு இல்ல. ஆனா அப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கும். சித்தப்பாவோட புல்லட் இருக்கும். இல்லைன்னா சின்ன வயசுல போன ஏற்காடு வீடு மாதிரியே ஒண்ணு வாங்கணும்னு ஒரு ஆசை இருக்கும். வண்டி கேஸுக்கு மட்டும் ரெண்டு விஷயம். சொந்த உபயோகத்துல இருந்த வண்டியை வித்து லாபம் வந்தா அதுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, ஏன்னா அது 'தனிப்பட்ட உபயோகப் பொருள்'. கேட்க நல்லாருக்கு. ஆனா அதே காரணத்தால நஷ்டம் வந்தாலும் எங்கேயும் காட்டிக் கழிக்க முடியாது. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு வர்றது நஷ்டம்தான். ரெண்டாவது, 50 வருஷம் தாண்டி அசல் நிலையில இருக்கிற வண்டியை விண்டேஜ்னு பதிவு பண்ண 2021-ல விதி வந்துச்சு. பதிவுக் கட்டணம் 20,000. அப்படிப் பதிவு பண்ணா கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான் எடுக்கலாம், தினமும் ஆபீஸ் போக முடியாது. ஆர்எக்ஸ் 100 வந்ததே 1985-ல, அதுக்கு இன்னும் 50 ஆகல. ஆக, விண்டேஜ்னு இன்ஸ்டாகிராம்ல போட்டுக்கலாம், அவ்வளவுதான்.

இவ்வளவும் போட்டு முடிச்சு எக்செல்ல கடைசியா 'உரிமையாளர்'னு ஒரு காலம் போட்டேன். கிளையன்ட் ஃபைல்ல பழக்கம், கை தானா போட்டுடுச்சு. அங்கதான் நின்னேன்.

தாத்தா உயில் எழுதல. எங்களுக்குப் பொருந்துற 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவரு சம்பாதிச்ச பொருள் மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாப் போகும். மகன், மகள்னு வித்தியாசம் இல்ல. ஆயாவும் 2014-ல போயிட்டாங்க. அப்போ படகு மூணு பேருக்குச் சமமாச் சொந்தம்: பெரிய மாமா, சின்ன மாமா, எங்க அம்மா. பெரிய மாமா இன்ஜினை வித்தப்போ அம்மாவைக் கேட்கல. சின்ன மாமா ஃபோன் பண்ணது எனக்கு, அம்மாவுக்கு இல்ல. நானும் ரெண்டு நாளா எக்செல் போட்டுக்கிட்டிருக்கேன், அடுத்த ரூம்ல இருக்கிற ஓனரை ஒரு வார்த்தை கேட்கல. கிளையன்ட்டா இருந்தா நல்லாத் திட்டியிருப்பேன்.

போய்க் கேட்டேன். அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க. தலையைத் தூக்காமலே, "வித்துடு"ன்னாங்க.

"என்னம்மா, ஒரு வார்த்தையில சொல்லிட்ட? எவ்வளவு நாள் அதுல போயிருப்போம்!"

"நீ போன. நான் எங்கடா போனேன்?"

அப்புறம் கீரையை ஓரமா வச்சுட்டு சொல்ல ஆரம்பிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச படகு அதுல எங்கேயும் இல்ல. அம்மாவுக்குப் படகுன்னா விடியக்காலை நாலு மணி. ராத்திரி முழுக்க இடுக்கு வழியா ஊறி நிக்கிற தண்ணியை, ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி டால்டா டப்பாவால இறைச்சுக் கொட்டணும். மாமாக்கள் தாத்தாவோட துறைக்குப் போயிடுவாங்க, இறைக்கிற வேலை பொண்ணுக்கு. உப்புத் தண்ணியில கால் விரல் இடுக்கு வெடிச்சு, அதோட செருப்பில்லாம ஸ்கூலுக்கு நடை. சவாரி கிளம்பும்போது அம்மா கரையில நிப்பாங்க. பொம்பளப் பிள்ளைக்கு அதுல என்ன வேலைன்னு கேப்பாங்களாம்.

பணம்? அதை நான் கேட்டதே இல்ல. முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட. ஒவ்வொரு பொங்கல் முடிஞ்சதும் ஆயாவோட மூணு பவுன் செயின் பொன்னேரி அடகுக் கடைக்குப் போகும். 6,000 ரூபாய், நூத்துக்கு ரெண்டு வட்டி. அதுலதான் ஆசாரி கூலி, பஞ்சு, குங்கிலியம், எண்ணெய் எல்லாம். ஆயுத பூஜைக்கு முன்னாடி மீட்டுடுவாங்க, இன்ஜினுக்குப் பொட்டு வைக்கிற அன்னிக்கு ஆயா கழுத்துல செயின் இருக்கணும்னு தாத்தாவுக்கு ஒரு பிடிவாதம். ஒன்பது மாசத்துக்கு 1,080 வட்டி. வருஷா வருஷம் அதே நகை, அதே கடை, அதே வட்டி. ஆண்டுக்கு 24 சதவீதம். இன்னிக்கு உங்க பர்சனல் லோன் வட்டி அதிகம்னு அலுத்துக்கிறீங்களே, அதைவிட பத்து சதவீதம் மேல.

நான் மே மாசம் போவேன். அப்போ செயின் அடகுல இருக்கும். ஆயா கழுத்துல வெறும் மஞ்சக் கயிறு மட்டும்தான் எனக்கு ஞாபகம். ஆயா நகை போட மாட்டாங்க, எளிமையான ஆளுன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு வீடியோல உதாரணமாக்கூட சொல்லியிருக்கேன், எங்க ஆயா தங்கத்துல ஆசைப்பட்டதே இல்லைன்னு. அந்த வீடியோவை எடுத்துடணும்.

2001-ல மீட்க முடியல. சவாரி சரியில்ல, தவணையும் தாண்டிப் போச்சு. நகை மூழ்கிடுச்சு. அந்த வருஷம் மே மாசம் தாத்தா எங்களை மூணு தடவை பூநாரை பார்க்கக் கூட்டிட்டுப் போனாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. டீசல் கடன் சொல்லி வாங்குனதுன்னு அம்மா சொல்றாங்க. "பேரப்பசங்க முன்னாடி கணக்குப் பாக்க மாட்டாரு உங்க தாத்தா. அதுக்கு அப்புறம் எங்கம்மாதான் பாக்கணும்."

நான் உங்ககிட்ட சொல்ல வந்தது இவ்வளவுதான். சின்ன வயசு நினைவு ஒரு பாதி நோட்டு. வரவு பக்கம் மட்டும் நம்மகிட்ட இருக்கு. செலவு பக்கத்தை வேற யாரோ எழுதி, வேற யாரோ அடைச்சு, நமக்குத் தெரியாம மடிச்சு வச்சுட்டாங்க. இன்னிக்கு சம்பளம் வர ஆரம்பிச்சதும் அந்தப் பாதி நோட்டைக் கையில வச்சுக்கிட்டு "அதே சந்தோஷம் எனக்கும் வேணும், என் பிள்ளைக்கும் வேணும்"னு இஎம்ஐ போடுறோம். அந்த நாலு நாள் சந்தோஷத்துக்குப் பின்னாடி 361 நாள் யாரோ தண்ணி இறைச்சாங்கங்கிறது விலைப்பட்டியல்ல வராது. ஊட்டி டிரிப், மாமா கார், பாட்டி வீட்டுத் தோட்டம், எதுவா இருந்தாலும் சரி. கடன் அப்ளிகேஷனைத் தொடுறதுக்கு முன்னாடி வீட்டுல பெரியவங்க இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்க: இது எப்படி நடந்துச்சு, யாரு பணம் போட்டா, வருஷத்துக்கு என்ன ஆச்சு, அந்த வேலையை யாரு செஞ்சா? குறிப்பா அம்மாவைக் கேளுங்க. அப்பாக்கள் கதை சொல்லுவாங்க, அம்மாக்களுக்கு விலை தெரியும். இது என் அனுபவம், விதிவிலக்கு இருக்கலாம்.

அதுக்காக எதையுமே வச்சுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்பாவோட வண்டியை வச்சுக்கணும்னா வச்சுக்கோங்க. ஆனா அதை செலவுக் கணக்குல எழுதுங்க, சினிமா, ஹோட்டல் எழுதுற அதே வரியில. வருஷத்துப் பராமரிப்பு கையில இருக்கிற காசுல அடங்கணும், கடன்ல இல்ல. அப்புறம் துடைக்கிற, கழுவுற, மெக்கானிக்கிட்ட காத்துக்கிட்டு நிக்கிற வேலை உங்களோடதா இருக்கணும். ஊர்ல இருக்கிற அப்பா தலையில கட்டிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை போய் போட்டோ எடுக்குறதுக்குப் பேரு பராமரிப்பு இல்ல.

எங்க படகு போயாச்சு. நான் ரெஸ்டாரண்ட்காரங்களோட பேசி விலையை ஏத்தப் பார்த்தேன், 84,000-லயே நின்னாங்க. மூணாப் பிரிச்சா 28,000. பெரிய மாமா கொஞ்சம் முனகுனாரு, இத்தனை வருஷம் கொட்டகை வாடகை யாரு குடுத்தாங்கன்னு. நியாயமான கேள்விதான், ஆனா இன்ஜின் காசு எங்கன்னு சின்ன மாமா திருப்பிக் கேட்டதும் அடங்கிட்டாரு. மூணு பேருக்கும் வேற பெரிய வருமானம் இல்ல, தொகையும் சின்னது, அதனால வரின்னு ஒண்ணும் வரல. அம்மா பங்கு அம்மா பேர்ல இருக்கிற அக்கவுண்ட்டுக்கே நேரா போச்சு. அதை என்ன பண்ணலாம்னு நான் மூணு ஆப்ஷன் சொன்னேன், ஒண்ணையும் எடுத்துக்கல. மூணு பவுன் இன்னிக்கு என்ன விலைன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னதும் சிரிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க.

ஒரே ஒரு ஆசை சொன்னாங்க, ஏரியில ஒரு தடவை சும்மா உட்கார்ந்துக்கிட்டுப் போகணுமாம். பழவேற்காட்டுல 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்ததுக்கு அப்புறம் அங்க சுற்றுலாச் சவாரிக்குத் தடை. காசு குடுத்தா யாராவது ஏத்திக்குவாங்கதான், ஆனா லைஃப் ஜாக்கெட் இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத படகுல எங்க அம்மாவை நான் ஏத்த மாட்டேன். நாங்க ஏழு பேரும் அப்படித்தான் போனோம்கிறது இப்பதான் உறைக்குது.

அதனால போன சனிக்கிழமை முட்டுக்காடு கூட்டிட்டுப் போனேன். அரசு படகுக் குழாம், மோட்டார் படகு, ஆரஞ்சு ஜாக்கெட். அம்மா புடவைக்கு மேல அதைப் போட்டுக்கிட்டு முன்னாடி சீட்ல உட்கார்ந்தாங்க. படகு கிளம்புச்சு, காத்து அடிச்சுது, நான் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பிச்சேன். அம்மா தண்ணியைப் பார்க்கல, கரையைப் பார்க்கல. குனிஞ்சு காலுக்குக் கீழ தரையைத் தடவிப் பார்த்தாங்க.

"காய்ஞ்சு கிடக்குதுடா"ன்னாங்க.